நெருப்பை எடுத்துவிட்டு அடித்த கட்டுரை

பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு திருப்பதிக்குத் திரும்பியபோது, நான் கட்டுரை படிக்க வேண்டிய கருத்தரங்குக்கு ஒரு வாரம்கூட இல்லை. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் லேப்டாப்பில் அடிப்பது என்று ஏற்பாடு. அவர் போட்டித் தேர்வுக்குக் கோச்சிங் எடுப்பவர். அங்கேதான் வந்தது வினை.

கட்டுரை ஒரு பழைய கிரேக்கத் தத்துவவாதியைப் பற்றியது. அவர் எதைச் சொன்னாலும் நெருப்பாகவும் ஆறாகவும் மண்ணாகவும்தான் சொல்வார். படித்தவர்கள் அதையெல்லாம் வெறும் உதாரணம் என்று தள்ளிவிட்டுக் கருத்தை மட்டும் உருவிக்கொள்வார்கள். அந்த வழக்கத்தின்மேல் எனக்குப் பல வருட எரிச்சல். அவரைக் கவிஞராகப் படிக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆற்றில் இறங்கினால் முதலில் கால் சில்லிட வேண்டும், தத்துவம் மெதுவாக வரட்டும். இதைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் மேடை அது.

சொல்லிக்கொண்டே போனேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே அடித்தார். படித்துக் காட்டச் சொன்னால், “எல்லாம் வந்துட்ச்சி, நீ கைய ஆட்டாம படு” என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

மேடையில் ஏறித் தாளைப் பிரித்தால், எண் போட்ட பாயிண்டுகள். உலகம் மாறுகிறது, எதிரானவை ஒன்றே, இப்படியே கடைசிவரை. நெருப்பும் இல்லை, ஆறும் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு நினைவில் இருந்ததைப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். கேட்டவர்களும் ரசித்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் சண்டை.

“எங்கங்க என் நெருப்பு?”

“அதெல்லாம் வர்ணனதானே. பாயிண்ட்டு ஒண்ணு உடல. வர்ணிச்சிக்கினே இருந்தா எவன் படிப்பான்?”

“படிக்காட்டி போறான். என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. எனக்கு உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

கட்டு அவிழ்த்துச் சில மாதம் கழித்துக் கருத்தரங்கத் தொகுப்பு நூல் வந்தது. கருத்தரங்குக்கு முன்பே அவர் அமைப்பாளர்களுக்கு மெயிலில் அனுப்பிவைத்த அதே பாயிண்டுகள் என் பெயரில் அச்சாகியிருந்தன. நான் பேசியதை யாரும் பதிவு செய்யவில்லை. இனி என்னைத் தேடிப் படிக்கிறவருக்கு நான் அவ்வளவுதான்.

அவருக்கோ பெருமை தாங்கவில்லை. ஹால் ஷோகேஸில் வைத்து, வருகிறவர்கள் கையிலெல்லாம் எடுத்துக் கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை சித்தூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். என் பக்கத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, “பரவால்லியே, சுருக்கமா புரியற மாதிரி எழுதிக்கீறம்மா” என்றார். வீட்டுக்காரர் பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

“நான் எழுதல மாமா,” என்றேன். “உங்க தம்பி எழுதினது. பேரு மட்டும் என்னுது.”

சிரிப்பு நின்றது. இருவரும் என்னையே பார்த்தார்கள். காபி போடும் சாக்கில் உள்ளே எழுந்து போகாமல், நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.