எனக்கு வந்த கட்டி

போன வாரம் எங்கள் தெருவுக்கு மார்பகப் பரிசோதனை வண்டி வந்தது. உள்ளே போனவள் என் மனைவி. வெளியே நின்று வியர்த்துக் கொட்டியவன் நான். ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து நர்ஸிடம் திட்டு வாங்கினேன். திரும்பி வந்தவள், "டெஸ்ட்டு எனக்கா, உங்களுக்கா?" என்றாள். அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் அந்த நோய் பதின்மூன்று வயதில் வந்து, சாகக் கிடந்தேன்.

அப்போது ஆம்பூரில் எங்கள் வீட்டோடு அப்பாவின் தங்கையும் இருந்தாள். எங்களுக்குப் புப்பு. கணவர் இறந்தபின் ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்தோல் பாகத்தைத் தைத்து மகளை வளர்த்தாள். வீட்டில் எல்லோருக்கும் உருதுவில் பேசி, எனக்கு மட்டும் தமிழில் திட்டுவாள். தமிழில் திட்டினால்தான் எனக்கு உறைக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

அந்த வருடம் கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். அம்மாவும் புப்புவும் போனார்கள். உலகத்துக்கே செருப்பு தைக்கும் ஊரில், வாசலில் கிடந்த செருப்புகளுக்கு என்னைக் காவல் வைத்தார்கள். உள்ளே மேஜை மேஜையாகப் பார்த்தார்கள். பிரஷர் மேஜையில் கூட்டம் நெரிந்தது. சுகர் மேஜையில் சண்டையே நடந்தது. மூலையில் திரை கட்டி, லேடி டாக்டர் ஒருவர் தனியாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அந்தத் திரைக்குள் மட்டும் யாரும் போகவில்லை.

"உள்ள போனா, அவளுக்கு இன்னாவோ இருக்குதுன்னு ஊரே சொல்லும். அப்புறம் அவ வூட்டுப் பொண்ண எவன் கேப்பான்?" என்றாள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒருத்தி. கூட வந்தவளும் தலையாட்டினாள். இருவர் வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள். புப்புவின் மகளுக்கும் அப்போது வாணியம்பாடியில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் சும்மா இருக்கப் பிடிக்காமல் மைக்கை வாங்கி, மார்பில் கட்டி இருக்கிறதா என்று குளிக்கும்போது எப்படித் தடவிப் பார்ப்பது என விளக்கினார். வாசலில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். கூட்டம் கலைந்தபின் புப்பு மட்டும் திரைக்குள் போய், நெடுநேரம் கழித்து வந்தாள். அம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சத்து கம்மியாம்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் குளிக்கும்போது, மைக்கில் சொன்னதைக் கேலியாகச் செய்து பார்த்தேன். இடது பக்கம், காம்புக்கு அடியில், சுண்டைக்காய் அளவு கட்டி.

சிரிப்பு அங்கேயே நின்றது. ஒரு வக்து தொழுகைக்கே இழுத்துக்கொண்டு போகவேண்டிய நான், அன்று ஐந்து வக்தும் தொழுதேன். எதையோ உடைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்பா சந்தேகப்பட்டார். கிரிக்கெட் மட்டையைத் தம்பிக்கு எழுதிவைத்தேன், மனசுக்குள்தான். அவன் என் தட்டில் இருந்த கறித்துண்டை எடுத்ததும் உயிலை ரத்து செய்தேன். கடைசி பிரியாணி என்ற துக்கத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் தாங்கவில்லை. மொட்டை மாடியில் புப்பு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"புப்பு, நான் செத்துப்போய்டுவேன்."

"எல்லாருந்தான் போவோம். மொதல்ல அந்தப் பக்கெட்டை எடுத்துக் குடு."

சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. ஈரக்கை சில்லென்று பட்டது.

"வலிக்குதாடா?"

"உயிரு போவுது!"

புப்பு மூச்சு விட்டாள். "அல்லாஹ்! வலிக்குதா... வலிக்கட்டும், நல்லதுதான். மீசை மொளைக்கிற வயசுல பசங்களுக்கு வர்றதுடா இது. தானா போய்டும்."

"நெசமாவா?"

"கல்லாட்டம் இருக்கணும். தள்ளுனா நகரக் கூடாது. அழுத்துனாலும் வலிக்கக் கூடாது. அதுதான் பேஜாரு புடிச்சது."

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"டாக்டரம்மா சொன்னாங்க." ஒரு துப்பட்டாவை உதறினாள். "நிக்காஹ் முடியட்டும். அப்புறம் வேலூருக்குப் போவணும்."

"யாரு நிக்காஹ்? எனக்கா?"

"மூஞ்சியப் பாரு!"

"கோட்டை பாக்கவா போறோம்? என்னையும் கூட்டிட்டுப் போங்க புப்பு."

"ஆமாண்டா, கோட்டைக்குத்தான். யார்கிட்டயும் சொல்லாத. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

என் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். வலியை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் காட்டத்தான் வேண்டும் என்று பிற்பாடு வேலூர் டாக்டர் ஒருவர் அப்பாவிடம் சொன்னார். ஏன் தங்கையை இத்தனை மாதம் கழித்துக் கூட்டிவந்தீர்கள் என்றும் கேட்டார். அதற்குள் நிக்காஹ் நன்றாக நடந்திருந்தது. மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கப் புப்பு இல்லை.

ஆனால் அன்று மத்தியானம் எனக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. குதித்துக்கொண்டு இறங்கியவன், பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன். காயும் துணிகளுக்கு நடுவே புப்பு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். துப்பட்டாவுக்குள் கையை விட்டு எதையோ அழுத்தினாள், விட்டாள். இன்னும் பலமாக அழுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

கொசு கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தம்பி எடுப்பதற்குள் மட்டையை எடுக்க ஓடினேன்.