தவக்காலக் கீரையும் திரும்பி வந்த என் குரலும்

என் அன்பான சகோதர சகோதரிகளே, போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் வாயிலிருந்து சொற்கள் போய்விட்டன. அன்புவழிபுரத்தில் எங்கள் சிற்றாலயத்தில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. பாட்டை எடுத்துக் கொடுப்பவள் நான். வாயைத் திறந்தேன். பாட்டுத் தெரியும், இராகம் தெரியும். ஆனால் வெறும் காற்றுத்தான் வந்தது. வலது கையிலிருந்த மெழுகுதிரி நழுவி விழுந்தது.

எனக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் இரத்தம் கட்டிவிடாமல் இருக்க வோர்பரின் குளிசை எடுக்கிறேன். அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. பிறகு ஏன் ஆண்டவரே இப்படி என்று உள்ளுக்குள் அழுதேன். இனி ஒருபோதும் பாட மாட்டேன் என்றே நினைத்தேன்.

என் கணவர் அன்ரன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்பவர். ஊமை என்று ஊரார் பகிடி பண்ணும் அளவுக்கு அமைதியான மனுசன். அவர் என்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கடற்கரை வழியே ஆஸ்பத்திரிக்குப் போனார். என் கண்ணுக்குத் துறைமுகம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெளுத்துக் கிடந்தது. கப்பல்கள் தண்ணீரில் நிற்கவில்லை, கொஞ்சம் மேலே நின்றன. யாரோ தூரத்திலிருந்து என்னை மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். செபம் சொல்லப் பார்த்தேன். மனதுக்குள்ளும் சொற்கள் கலைந்து மிதந்தன. கடைசியில் சொல்லே இல்லாமல் என்னை ஆண்டவரிடம் கொடுத்துவிட்டேன்.

இரத்தம் தடித்து, சின்னக் கட்டி ஒன்று மூளைக்குப் போயிருக்கிறது என்றார் டொக்டர். குளிசை தவறியதா என்று என்னைக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் என் அன்ரன் வாய் திறந்தார்.

"குளிசை ஒருநாளும் விடேல்ல டொக்டர். இவ தவக்காலத்துக்கு மீன், இறைச்சி விட்டவ. அதுக்குப் பதிலா விடியக் கீரைக்கஞ்சி, மத்தியானம் முருங்கையிலை வறை, இரவைக்கு வல்லாரைச் சம்பல். எங்கட வீட்டில ஆடு வளக்கத் தேவையில்லை எண்டு நானே பகிடி பண்ணினனான்."

டொக்டர் தலையாட்டினார். "அதுதான் விசயம். கீரை கூடினா இந்தக் குளிசை வேலை செய்யாது. கீரையை விடச் சொல்லேல்ல. எப்பவும் ஒரே அளவாச் சாப்பிட வேணும். திடீரெண்டு கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது."

இதைக் கிளினிக்கில் முன்பே சொன்னார்கள். கீரை உடம்புக்கு நல்லதுதானே, அதுவும் ஆண்டவருக்காகத்தானே என்று நான் இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு மீனைவிடக் கீரைதான் பிடிக்கும். பிடித்ததை ஆண்டவருக்காக விடுவதுதான் ஒறுத்தல்; பிடித்ததையே தின்று நல்ல ஒறுத்தல்தான் செய்திருக்கிறேன்!

மருந்தின் அளவை மாற்றினார்கள். வார்டில் தூக்கமும் விழிப்பும் ஒன்றாகக் கலந்து கிடந்தேன். கப்பலின் சங்கு என் கட்டிலுக்கு அடியில் ஊதுவதுபோலக் கேட்கும். ஒரு காலையில் அன்ரன் குனிந்து, சாப்பிட என்ன கொண்டு வரட்டும் என்று கேட்டார்.

"மீன்," என்றேன்.

பேச்சுப் போன பிறகு, அதுவும் தவக்காலத்தில், என் வாயில் வந்த முதற்சொல் அதுதான். அன்ரன் சிரித்தார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நோயாளிக்கு ஒறுத்தல் கடமையில்லை என்று பங்குத்தந்தையும் சொல்லிவிட்டார்.

இப்போது கிளினிக்கில் சொன்ன அளவுக்குத்தான் கீரை. இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போகிறேன். இந்தக் குளிசை எடுப்பவர்களே, நோன்பு தொடங்க முன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதனால் விசுவாசம் குறைந்துவிடாது.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் என் நாக்கு இன்னும் தடுமாறியது. பாட்டைத் தொடங்க வேண்டிய நேரம் வந்தது. கோயிலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது பக்கத்தில் ஒரு குரல், இராகமும் இல்லை தாளமும் இல்லை, முதல் அடியைப் பாடியது. அன்ரன்! கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அவர் பாடி நான் கேட்டதில்லை. இரண்டாம் அடியை நான் எடுத்தேன். குழறித்தான் எடுத்தேன். கோயில் முழுவதும் எங்களோடு சேர்ந்துகொண்டது.

உங்களுக்கும் செபிக்கச் சொல் வராத நேரம் வரலாம். அப்போதும் அவரிடம் போங்கள். ஆண்டவருக்கு நன்றி.