சுண்ணாம்பு பூச இடமில்லாத கல்லறை

ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் யாருக்கும் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது சட்டம். முப்பத்தாறு வருடம் கலெக்டர் அலுவலகத்தில் இருந்தவன் நான். இந்த விதியைக் காட்டி எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைக் கோப்பில் வைத்துக் கட்டியிருக்கிறேன். ஏழு வருடம் காத்திருந்தால் போதும். நான் இருபத்தாறு வருடம் காத்திருந்தேன்.

என் அண்ணன் அந்தோணி கடற்படையில் டாக்டர். எழுபத்தொன்றாம் வருடப் போரில், டிசம்பர் மாதம், அவர் இருந்த கப்பல் மூழ்கியது. தந்தி வந்தது. பிறகு சான்றிதழ் வந்தது. முத்திரை சரியான இடத்தில் இருந்தது. காகிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உடல் மட்டும் வரவில்லை. கடைசியில் என்ன நடந்தது என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

அண்ணனுக்குத் தனியாக இருக்கப் பயம். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதுகூட, விடுமுறைக்கு வந்தால் என் பாயை ஒட்டித்தான் படுப்பார். வெளியே சொன்னால் உதைப்பேன் என்று மிரட்டல் வேறு. அந்த மனிதர் அந்தத் தண்ணீரில் தனியாக இருந்தாரா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அப்பா, அம்மா போனார்கள். நான் ஓய்வு பெற்ற வருடமே என் மனைவியும் போனாள். பிள்ளைகள் இல்லை. திருப்பரங்குன்றத்தில் இரண்டு அறை வீடு. அங்கே ரேடியோ பேசும், நான் கேட்பேன்.

கடற்படைக்குப் பதினோரு மனு போட்டேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. ‘விவரம் ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டது’ என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில். நானே ஆயிரம் பேருக்கு எழுதிய வாக்கியம்தான், குறை சொல்ல வாயில்லை. ஜெபத்தையும் நான் அப்படித்தான் செய்தேன். முதலில் துதி, பிறகு முந்தைய மன்றாட்டுகளின் நினைவூட்டல், கடைசியில் கோரிக்கை. ஆண்டவரும் கோப்பை மேசையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

1996 நவம்பர் 1, கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள், கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சுண்ணாம்பு அடிக்கும் சூசை எங்கள் வீட்டுக் கல்லறைகள் மூன்றையும் வெள்ளையடித்துவிட்டு வாளியோடு நின்றார்.

“சார், உங்களுக்கு அண்ணன் ஒருத்தர் உண்டுன்னு சொல்வாகளே, அவருக்கு எங்க?”

“கடல்லப்பா.”

சூசை வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “அம்புட்டுப் பெரிய கல்லறையா! எம்புட்டுச் சுண்ணாம்புக்கு நான் போறது?”

சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கும்முன் அழுகை வந்தது. அங்கே வந்திருந்த அத்தனை பேர் முன்னால், அம்மாவின் ஈரச் சுண்ணாம்பில் கையை ஊன்றி அழுதேன். சூசை பதறிப்போய், “சார், வெளையாட்டுக்குச் சொன்னேன் சார்” என்றார். அப்போதுதான் முதல் முறையாக முறை இல்லாமல் ஜெபித்தேன். “ஆண்டவரே, அண்ணன் தனியா இருந்தாரா? அத மட்டும் சொல்லும்.” அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அதே கேள்வியை ஒரு தாளில் எழுதினேன். பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. முன்னாள் கடற்படையினர் சங்கம் ஒன்று நடத்தும் சிறு பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டார்கள். பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் தபால்காரர் என்னைப் பார்த்ததும் தொலைவிலிருந்தே கையை விரிப்பார். “டெலிபோன் பில்லுதான் சார், அதுவும் உங்களுது இல்ல!”

ஒரு நாள் கையை விரிக்காமல் வந்தார். உறையின் பின்புறம் முகவரி கப்பலூர். எத்தனை முறை பஸ்ஸில் கடந்திருக்கிறேன்! எழுதியவர் காதர், அந்தக் கப்பலிலிருந்து பிழைத்தவர். ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். பழைய நண்பர் ஒருவர் வீட்டில் அந்தப் பத்திரிகையை அப்போதுதான் பார்த்தாராம்.

‘என் கையில் டாக்டர் சார் தையல் போட்டு ரெண்டு நாள்தான் ஆயிருந்தது. கப்பல் சாயும்போது என்னை ஏணியில் மேலே தள்ளிவிட்டவர் அவர்தான். மதுரைக்காரன்னு எங்கிட்ட நம்ம பேச்சுலதான் பேசுவார். “தையல மட்டும் பிரிச்சுக்கிட்டு வந்த, நாளைக்கு இருக்குடி மாப்ள உனக்கு”ன்னு கத்தினார். திரும்பிக் கீழே போனார். நடக்க முடியாத ரெண்டு பேர் அங்கே படுத்திருந்தாங்க. அவர் தனியா இல்லை சார். அன்றிலிருந்து அஞ்சு வேளைத் தொழுகையிலும் அவருக்காக துஆ கேக்கிறேன். அவருக்கு வேற யாரும் இருக்காங்களான்னு தெரியாம இருந்தது.’

இருவரும் இருபத்தாறு வருடம், ஒரு பஸ் தூரத்தில், அதே மனிதருக்காகத் தனித்தனியே மன்றாடியிருக்கிறோம்.

மறுநாள் அம்மாவின் கல்லறையில் மூன்று மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றினேன். அண்ணனுக்கு ஒன்று, பெயர் தெரியாத அந்த இருவருக்கு இரண்டு. வீடு இன்னும் அமைதியாகத்தான் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து கப்பலூர் பஸ் ஏறுகிறேன். காதர் அந்தத் தழும்பை வெட்கமில்லாமல் எல்லோருக்கும் காட்டுகிறார்.

அன்பானவர்களே, உங்கள் மனுவை அழகுபடுத்தாதீர்கள். நேராகக் கேளுங்கள். தாமதமாகலாம், ஆனால் ஆண்டவருடைய அலுவலகத்தில் எந்தக் கடிதமும் தொலைவதில்லை. என் கடிதத்துக்குப் பதில் வந்து சேர்ந்த தேதி: 1997 நவம்பர் 1, சனிக்கிழமை.