தெரிந்த கிடங்கு

கிளடிஸின் வேலை குழந்தைகளை நித்திரையாக்குவது. ரொறன்ரோவின் விளிம்பிலுள்ள ஒரு டே கெயாரில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுச் சின்னக் கட்டில்களுக்கு நடுவே நிலத்தில் இருப்பாள். ஒரு கை ஒரு பிள்ளையின் முதுகில், மற்றக் கை அடுத்த பிள்ளையின் முதுகில். தட்டத் தட்ட அவளுக்கும் பாதிக் கனவு வந்துவிடும். ஐம்பத்திரண்டு வயதான அவள், சம்பளம் தந்து கனவு காண விடுகிற வேலை வேறு எங்கே கிடைக்கும் என்று சிரிப்பாள்.

கார் ஓட அவளுக்குப் பயம். பனி கரைந்ததும் சைக்கிளை வெளியே எடுத்துவிடுவாள். போகிற வழியில் ஒரு ரயில் பாலம் வரும். அதைத் தாண்டியதும் தெருவோரத்தில் ஒரு கிடங்கு, ஒரு பள்ளம். பனிக்காலம் தார் வீதியைத் தின்றுவிட்டுப் போன இடம் அது. சைக்கிளின் முன்சில்லு பாதி இறங்கக்கூடிய ஆழம். அவள் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போவாள்.

சித்திரை மாதத்தில் ஒரு காலை. முதல்நாள் பெய்த மழையில் கிடங்கு நிறைந்து, தெருவோடு தெருவாகச் சமமாகக் கிடந்தது. எங்கும் வெள்ளைப் பனிப்புகார். அந்தப் புகாருக்குள்ளிருந்து வாத்துகள் கத்தும் சத்தம் கேட்டது. தெற்கே போனவை திரும்பி வருகின்றன. ஒன்றையும் காணவில்லை, சத்தம் மட்டும் தலைக்கு மேலே மிதந்து போனது. கிளடிஸ் அண்ணாந்து பார்த்தாள்.

விழுந்தது அவளுக்கு விழுந்தது போலவே இல்லை. உலகம் மெல்லச் சரிந்து, ஈரமான ஒரு கன்னத்தைத் தன் கன்னத்தோடு வைத்ததுபோல இருந்ததாம். பஸ் சாரதி ஒருவர் ஓடிவந்து பெயரைக் கேட்டபோதுதான் இடக்கை தவறான பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டாள்.

முழங்கைக்குள் தகடு வைத்தார்கள். மருந்தின் மயக்கத்தில் ஆஸ்பத்திரியின் கூரை பால்போலப் பரந்து கிடந்தது. அந்த வெள்ளைக்குள் மகள் கிறிஸ்ரினாவின் முகம் வந்து வந்து போயிற்று. ஒருமுறை அவளோடு இன்னொரு முகமும் வந்தது. மகளோடு படித்த ஜுனைட், இப்போது லோயர்.

"அன்ரி, பத்து நாளுக்குள்ள நகரசபைக்கு எழுத்தில அறிவிக்கணும். இல்லாட்டி வழக்கே போட ஏலாமப் போகலாம். நான் எழுதிக் குடுக்கட்டா?"

"றோட்டு மேல வழக்கோ தம்பி? விழுந்தது நான்தானே."

"றோட்டைப் பாக்கிற பொறுப்பு அவங்கட, அன்ரி."

அவள் தலையாட்டினாள். வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்ததால், அந்த நகரசபையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர்களுடைய பதில் சுருக்கமானது: அப்படி ஒரு கிடங்கு இருப்பது எங்களுக்குத் தெரியாது. தெரியாத, தெரிந்துகொள்ளவும் வழியில்லாத பழுதுக்குச் சட்டம் அவர்களைப் பிடிக்காது என்று ஜுனைட் விளங்கப்படுத்தினான்.

இரண்டு வருஷம் கழித்து, நகரின் நடுவே ஓர் உயர்ந்த கட்டடத்தில், வழக்கு நீதிமன்றத்துக்குப் போகுமுன் நடக்கும் கேள்வி விசாரணை நடந்தது. கண்ணாடிக்கு வெளியே ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நகரசபையின் லோயர் அம்மா மென்மையாகப் பேசினார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "விழுந்த நாளுக்கு முதல் அந்தக் கிடங்கைக் கண்டிருக்கிறீங்களா?"

"ஓம். ஒவ்வொரு நாளும் கண்டனான். நகரசபைக்குப் போன் பண்ணியும் சொன்னனான்."

இடைவேளையில் ஜுனைட் அவளை வெளியே கூட்டிவந்தான்.

"அன்ரி, இதை ஏன் எனக்குச் சொல்லயில்ல?"

"நீங்கள் கேக்கேல்லையே. தெருவில லைற் எரியாட்டிலும் நான் எடுத்துச் சொல்லுறனான். அதெல்லாம் ஒரு விஷயமே?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "இனி அவங்க தெரியாதெண்டு சொல்ல ஏலாது. ஆனா கிடங்கு உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் எப்படி விழுந்தீங்க எண்டு கேப்பாங்க."

உள்ளே போனதும் அதைத்தான் கேட்டார்கள். எதையாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கார் ஒன்று நெருக்கியது என்று சொல்லியிருந்தால் மறுக்க ஆளில்லை. கிளடிஸ் சொன்னாள்:

"வாத்துச் சத்தம் கேட்டது. நிமிந்து பாத்தன்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கிவிட்டே அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

தொலைபேசிப் பதிவைத் தேடி எடுத்தார்கள். சமரசப் பேச்சு நாளில் அதை ஓடவிட்டபோது, அவளுடைய குரல் தூரத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது. "பிள்ளை, உதுக்குள்ள தண்ணி நிண்டா கிடங்கெண்டே தெரியாது. வடிவான குளம் மாதிரி இருக்கும். ஆரும் விழப் போகினம்." விழுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னரே, நகரசபைப் போனில் தமிழை மொழிபெயர்த்த பிள்ளையிடம் பேசியது. அந்தக் குரலுக்குரிய பெண்ணை எங்கேயோ தெரியும் என்பதுபோல, எச்சரிக்கையாய்ப் போ என்று அவளுக்கு ஒருவர் சொல்லியிருக்கலாமே என்பதுபோல, கிளடிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. ஏனென்று தெரியவில்லை.

அன்றைக்கே முடிவாயிற்று. பிழையின் பெரும்பங்கு நகரசபைக்கு, சிறுபங்கு கிளடிஸுக்கு; அவ்வளவுக்கு நட்டஈடும் குறையும். அந்தச் சிறுபங்கையும் குறைத்துப் பார்க்கலாம் என்றான் ஜுனைட்.

"வேண்டாம் தம்பி. அது என்ரைதான்," என்றாள்.

அந்தக் கை இனி முழுதாக நீளாது, பிள்ளைகளைத் தூக்கவும் முடியாது. கிடைத்த நட்டஈட்டில் சிகிச்சையைத் தொடரலாம், அரைநாள் வேலையோடு இருக்கலாம்.

வீட்டுக்குப் போகும்போது கிறிஸ்ரினா கோபத்தோடு கார் ஓட்டினாள். "சீரியஸா அம்மா? வானத்தைப் பாத்தது ஒரு குற்றமா?"

"குற்றமில்லை. ஆனா பாத்தது நான்தானே. அதை இன்னொருத்தருக்கு ஏன் குடுக்க வேணும்?"

கொஞ்சத் தூரம் போனபின் மகள் கியரிலிருந்து கையை எடுத்து, தாயின் வளைந்த முழங்கையில் வைத்தாள். நெடுஞ்சாலையில் முன்னே போகிற கார்களின் பின்வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கிளடிஸ் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, அவை சிவப்பாய் நீண்டு கரைவதைப் பார்த்துக்கொண்டே போனாள்.