படாளத்தில் நடக்காமல் விட்ட அரை கிலோமீட்டர்

காலை 6.10க்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். கொளவாய் ஏரி ஜன்னலில் வந்ததும் எழுந்து நின்று பார்த்தேன். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டு மாதம் இதே வண்டியில்தான் வேலைக்குப் போனேன். படாளத்துக்கு அருகே ஓர் ஏரிக்கு மழைநீர் வரும் வழிகளையெல்லாம் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து அளந்து, கணினி வரைபடமாக்கும் வேலை.

போன வாரம் அந்த வரைபடம் நீர்வளத்துறைப் பொறியாளரிடமிருந்து மின்னஞ்சலில் திரும்பி வந்தது. ஏரியைத் தூர் வாருகிறார்கள், வரத்துக் கால்வாயையும் வெட்டப் போகிறார்கள், ஒருமுறை சரிபார்த்துத் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். தெற்கே அரை கிலோமீட்டருக்கு ஒரு கோடு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஓடியது. மண்ணில் எந்தக் கால்வாயும் அப்படி ஓடாது. வரைந்தவள் நான்தான்.

8.00. செங்கல்பட்டில் பேருந்து பிடித்து, பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் இறங்கினேன். மேரி காத்திருந்தாள். அன்று எனக்கு அளவைக் கம்பம் பிடிக்கத் தினக்கூலிக்கு வந்தவள். இன்று மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எனக்காக லீவு போட்டிருந்தாள்.

"இன்னாக்கா, இப்டி இளைச்சிட்ட?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீ குடித்தபடி பழைய கதை பேசினோம். அந்தக் காலத்துக் கருவி வானத்தில் நான்கு செயற்கைக்கோள்களைப் பிடிக்கக் கால்மணி நேரம் எடுக்கும். பனைமரத்தடியில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் புளிசோறு தின்றபடி திரையைப் பார்ப்போம். "நாலும் வந்துட்ச்சிக்கா!" என்று மேரி கத்தினால் எழுந்து நடப்போம். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பிறகு எங்கும் வேலை செய்ததில்லை.

9.15. ஷேர் ஆட்டோவில் ஏரிக்கரை. ஆளுக்குப் பதினைந்து ரூபாய். அங்கிருந்து நடை. என் கோடு போகும் இடமெங்கும் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அவை தனகோடி என்பவரின் கடலைக்கொல்லையை இரண்டாகப் பிளந்து, கிணற்றை ஒட்டிப் போயின.

"திங்கக்கெழம பொக்லைன் வருதாம். இந்தப் பக்கம் தண்ணி வந்து நான் பாத்ததே இல்ல மேடம். ஆனா சாட்லைட்டே சொல்லுதுன்றாங்க. அதாண்ட போயி இன்னா சண்ட போடுறது?" என்றார் தனகோடி.

கொடியைக் காட்டிச் சொன்னேன்.

"சாட்லைட் சொல்லலைங்க. நான்தான் சொன்னேன். கடைசி நாள் மழை, கருவியில் சார்ஜ் தீர்ந்துபோச்சு. மிச்சத்த நடக்காம, ரெண்டு புள்ளிய ரூம்ல உக்காந்து நானே சேத்துட்டேன்."

தனகோடி கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேரிதான் பேசினாள்.

"மறுநாளு நான் வந்து கரையில நின்னுகினு இருந்தேன்க்கா. முடிஞ்சிட்ச்சின்னு நீ போன் பண்ண. இந்தக் காவா மொத்தமும் நான் நடந்து அளந்ததுன்னு எம் பசங்களாண்ட இன்னிக்கி வரைக்கும் சொல்லிகினு கீறேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் என் பையிலிருந்த புதுக் கருவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தனகோடி முள் வெட்டக் கத்தியோடு வந்தார். கொல்லைக்கு மேற்கே கருவேல முள்ளுக்குள் உண்மையான கால்வாய்ப் பள்ளம் இருந்தது. வளைந்து, மேடு சுற்றி, ஒரு சிறு கல்மதகைக் கடந்து ஏரிக்குள் இறங்கியது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் வெறும் மரக்கூட்டம்தான். மூன்று மணி நேரம் ஆனது. மேரியின் முழங்கை கிழிந்தது, அவள் கருவியை விடவில்லை.

1.40. கரையில் உட்கார்ந்தே திருத்தத்தை அனுப்பி, தவறு என்னுடையது என்று எழுதினேன். பொறியாளர் போனில் கடிந்துகொண்டார். பிறகு கொடிகளை மாற்றச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். தனகோடி பறித்துக் கொடுத்த இளநீருக்குப் பணம் வாங்கவில்லை.

"மேப்புல களத்தில் அளந்தவர்னு ஒரு கட்டம் கீதே, அதுல யாரு பேரு போட்ட?" என்று கேட்டாள் மேரி.

"அன்னிக்கு என் பேரு மட்டும் போட்டேன்."

"இன்னிக்கி?"

கருவியை அவளிடமே நீட்டினேன். இனிஷியலோடு தன் பெயரை அவளே தட்டினாள்; திருத்தத்தை மறுபடி அனுப்பினேன்.

நான் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் தண்ணீர் வாசற்படி ஏறுகிறது. அது போகவேண்டிய வழி எது என்று எங்கள் தெருவில் சொல்ல ஆளில்லை. அந்த வழியை நடந்து பார்த்தவர் எவரும் அங்கே இல்லை.