ரம்பத்தின் மறுமுனை

ஜப்பான்காரன் காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு கேவலம்.

மலாயாவில், தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த எங்களை மரம் அறுக்கப் பழக்கினார்கள். பெரிய ரம்பத்துக்கு முனைக்கு ஒருவராக இரண்டு பேர். ஒருவன் இழுக்கும்போது மற்றவன் கையைத் தளர்த்திவிட வேண்டும். அதுதான் முதல் பாடம். என் ஜோடி பக்கத்து வீட்டு மாரிமுத்து. நான் காய்ச்சலில் கிடந்தபோது தன் பங்கு மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து தந்தவன்.

பயிற்சியின் கடைசி நாள், எங்களை மேய்த்த கங்காணியான மண்டோர் வந்து, "ஜோடிக்கு ஒரு ஆளு இங்க போதும்லா. நல்லா அறுக்கிறவன் இருக்கட்டும், இன்னொருத்தன் சயாம் ரயில் வேலைக்கு," என்றார்.

சயாமுக்குப் போன எவனும் அதுவரை திரும்பவில்லை. மாரிமுத்து இழுத்தபோதெல்லாம் நான் கையைத் தளர்த்தாமல் அழுத்திப் பிடித்தேன். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"என்னாடா, ஒம்பக்கம் ரம்பமே வரல?" என்றார் மண்டோர்.

மாரிமுத்து என் கையைப் பார்த்தான். "கையில தெம்பு இல்ல மண்டோரு," என்றான்.

மறுநாள் லாரியில் ஏறுமுன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "உண்மையச் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் ஏத்தியிருப்பான். நீயாச்சும் இருந்துக்க."

அவன் திரும்பி வரவே இல்லை.

பயிற்சியில் தேறியதற்காக எனக்கு அரிசி கொடுத்தார்கள். பல மாதம் கழித்துக் கண்ட அரிசி. அன்று மத்தியானமே வடித்து, சட்டியை வழித்துத் தின்றேன். அந்தச் சோறு எனக்கு ருசித்தது.