நிறையாத குழிகள்

துலுக்கானத்தை நாங்கள் எல்லோரும் ‘அவன்’ என்றுதான் சொன்னோம். வயதில் என் அப்பாவுக்கு மூத்தவர். எழுதும்போதாவது ‘அவர்’ என்று எழுதுகிறேன். இனி என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பாரிவாக்கத்துக்கு ஓடிவந்தவர்களில் நானும் ஒருவன். நிலக்காரர் நாகேந்திரன், சேரிக்கு மேலே இருந்த தன் மேட்டு நிலத்தைக் கயிறு பிடித்து மனைகளாக்கி, ஒரே மாதத்தில் நாற்பது கீற்று வீடுகளை எழுப்பிவிட்டார். மேற்குக் கோடியில் எங்களுக்கு ஒரு கிணறு. மற்ற வசதிகளை யாரும் யோசிக்கவில்லை. ஊரில் தோட்டி கிடையாது. பட்டணத்துப் பெண்கள் காட்டுக்கு ஒதுங்க மாட்டோம் என்று அழுதார்கள். கடைசியில் வீட்டுக்கொரு கக்கூஸ் குழி என்று முடிவாயிற்று.

குழி வெட்ட வந்தவர் கீழே சேரியில் இருந்த துலுக்கானம். பூந்தமல்லி வட்டாரத்தில் முப்பது வருஷமாகக் கிணறு வெட்டியவர். களிமண்ணைத் தாண்டி ஊற்று மணல் காலில் படும்வரை மேலே ஏறமாட்டார். ஊராருக்காக அவர் வெட்டிய எந்தக் கிணற்றிலும் பிறகு அவர் கை வைக்க முடியாது. சேரிக் கிணறு ஒன்றுதான் விலக்கு. அங்கே, வெட்டினவனே முதல் கைத் தண்ணீரைக் குடித்துக் காட்ட வேண்டும் என்பது வழக்கம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் குடம் இறக்குவார்கள். துலுக்கானம் கல்யாணமான வருஷம் அதை வெட்டி, அப்படிக் குடித்தவர்.

“ஆறடி போதும்டா” என்றார் நாகேந்திரன்.

“களியில நிறுத்துனா நாலே மாசத்துல ரொம்பிடும் ஆண்டே. மணல் வரைக்கும் போய்ட்டா எப்பவும் ரொம்பாது.”

பாதியில் நிறுத்துவது அவருக்கு அரைகுறை வேலை. நாற்பது குழியையும் மணல்வரை வெட்டினார். சித்திரை வெயிலில் அந்த மணல் உலர்ந்து கிடந்தது.

ஆவணியில் அவரைப் பார்த்தபோது, பெரிய மனிதன் மாதிரி பாராட்டினேன்: “உன் குழி ஒரு சாண்கூட ஏறவில்லையே, துலுக்கானம்!”

சிரித்துக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார்.

“ஒரு சாண்கூடவா? அப்போ அதெல்லாம் எங்க பூடுது சாமி?”

அவர் பார்வை சரிவில் இறங்கி, சேரிக் கிணற்றில் போய் நின்றது. “அங்கயும் இதே செவப்பு மணல்தான் கீது” என்றார்.

மறுநாள் மண்வெட்டியோடு வந்தார், குழிகளைக் களிமண்வரை மூடுவதற்கு. எங்கள் வீட்டுப் பெண்கள் கத்தித் துரத்தினார்கள். நாகேந்திரனிடம் ஓடினார். மழை பெய்தால் மணலில் இறங்கியதெல்லாம் ஊற்றோடு சேரிக் கிணற்றுக்கு வந்துவிடும், மழைக்காலம் முடியும்வரை சேரி ஜனம் மேற்குக் கிணற்றில் மொண்டுகொள்ளட்டும் என்று கெஞ்சினார்.

“நீ வெட்டின கிணறு. நீயே குடிச்சிக் காட்டின கிணறு. இப்ப இன்னாடா வந்துச்சு?” என்றார் நாகேந்திரன். எங்களையும் ஒரு பேச்சுக்குக் கேட்டார். எங்களுக்கே தண்ணீர் போதவில்லை என்று நாற்பது குடும்பமும் சொன்னது. அது பாதிப் பொய். தீட்டு என்று சொல்ல வெட்கப்பட்டோம்.

ஐப்பசியில் மழை கொட்டியது. சேரிக் கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறியது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. துலுக்கானத்தின் மனைவி வேம்புலியம்மாள் குடத்தோடு போனாள். அவர் குறுக்கே நின்றார்.

“தள்ளு. ஏரியிலயும் எறங்க உடமாட்டாங்க. வேற எங்க மொள்ளச் சொல்ற?”

சேரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, ஒரு கை அள்ளிக் குடித்தார். இன்னொரு கை குடித்தார்.

“மூணு நாள் பாருங்க. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா மொள்ளுங்க. அதுவரைக்கும் மழைத்தண்ணி புடிச்சிக்கோங்க.”

இரண்டாம் நாள் வாந்திபேதி கண்டது. மூன்றாம் நாள் விடிவதற்குள் போய்விட்டார். அன்றே மழையும் விட்டது.

சேரியில் இரண்டு நாள் பொறுத்தார்கள். பானைகள் வற்றின. அடுத்த நாள் காலையில் வேம்புலியம்மாள் அந்தக் கிணற்றில்தான் குடத்தை இறக்கினாள். மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிணற்றுக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.